அடிக்கும் முன் ஒரு பார்வை

சியிமிக் அடிப்பதற்கு முன்
ஒருமுறை திரும்பிப் பார்ப்பான்.
அடி வாங்கப்போகிற திலேக்கை அல்ல,
எர்மெக்கை.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு
ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது.
நாரின் ஆறு கரையோரம் உறைந்து
பள்ளிக்குப் பின்னால்
கொதிகலன் அறையின் சுவர் மட்டும்
வெதுவெதுப்பாய் இருந்த மாதங்கள்.
அந்தச் சுவரில் முதுகு சாய்க்க
ஐந்து பேருக்குத்தான் இடம்.
நாங்கள் ஏழு பேர்.

திலேக் எப்போதுமே ஏழாவது.
ஆறாவது யார் என்பது
நாளுக்கு நாள் மாறும்.

எர்மெக் நடுவில் நிற்பான்.
அவன் யாரையும் தொட்டதில்லை,
குரலைக்கூட உயர்த்தியதில்லை, சத்தியமாக.
சூரியகாந்தி விதையைப் பல்லிடுக்கில் உடைத்துத்
தோலைத் துப்புவான், அவ்வளவுதான்.
அது யாருடைய பூட்ஸ்மேல் விழுகிறதோ
அவன் மெல்ல நகர்ந்து பனிக்குள் போய்விடுவான்.
நகர்ந்தவன் திரும்பி வர ஒரு வழி இருந்தது.
அந்த வழி
திலேக்கின் சட்டைக் காலரில் தொடங்கியது.

நானும் சிரித்தேன். மூன்றாவதாக.
முதலில் சிரிப்பது ஆபத்து,
கடைசியில் சிரிப்பது அதைவிட.

வகுப்பாசிரியை குறிப்பேட்டில்
"முரட்டுப் பையன்" என்று எழுதி
சியிமிக்கின் அப்பாவை வரச்சொன்னார்.
மலையிலிருந்து இறங்கி வந்த மனிதர்
தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று
கையை நெற்றியிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:
"தாயில்லாக் குட்டிகளுக்கு
இவன்தான் புட்டிப்பால் தருகிறான்.
ராத்திரி எழுந்து."
ஆசிரியை ஜன்னலைப் பார்த்தார்.

நான் நம்பினேன்.
மாலை மினிபஸ்ஸின் கடைசி இருக்கையில்
அவர்கள் இருவரையும் பார்த்திருக்கிறேன்.
காலையில் கிழித்த சட்டைக் கையைச்
சியிமிக்கே ஊக்கு குத்திச் சேர்த்தான்.
தடுப்பூசிக்கு நீட்டுவதுபோல
திலேக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.
பாலம் தாண்டியதும் இருவரும்
ஒரே உலர்தயிர் உருண்டையை
ஆளுக்கொரு கடி கடித்தார்கள்.
என்னைக் கண்டதும்
சியிமிக் வாயைத் துடைத்துக்கொண்டு
ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தான்.

மார்ச்சில் எர்மெக்கின் வீட்டார்
பிஷ்கெக் போய்விட்டார்கள்.
இனி ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன்.
ஏழில் ஒன்று போக ஆறு.
சுவர் ஐந்து பேருக்குத்தான்.

அன்று எலும்பாட்டம்.
வட்டத்துக்குள் ஆட்டின் கணுக்கால் எலும்புகள்.
திலேக்கிடம் ஈயம் ஊற்றிய பெரிய காய்,
அவன் மாமா கொடுத்தது.
ஐந்தைச் சிதறடித்தான், ஆறாவதையும்.
யாரும் கைதட்டவில்லை.
சியிமிக் காலரைப் பிடித்தான்.
கை உயர்ந்தது.
பழக்கத்தில் திரும்பிப் பார்த்தான்.

நடுவில் நான் நின்றிருந்தேன்.
யாரும் அழைக்கவில்லை.
முதுகு குளிர்ந்தது, நகர்ந்தேன்.
என் வாயில் சூரியகாந்தி விதையின் தோல்.

எத்தனை பேர் என் முகத்தைப் பார்த்தார்கள்
என்று அப்போது எண்ணவில்லை.
தோலை விழுங்கினேன்.
தொண்டையைக் கீறிக்கொண்டு போனது.
சியிமிக்கின் கை அப்படியே நின்றது,
யார் ஏறப்போகிறார்கள் என்று தெரியாமல்
கதவைத் திறந்துவைத்த வண்டிபோல.

"அடிக்கிறதுன்னா சீக்கிரம் அடி,
பஸ் போயிடும்" என்றான் திலேக்.

ஒருவன் சிரித்தான். நானில்லை.
சியிமிக்கின் கை இறங்கிப்
பாக்கெட்டுக்குள் போனது.
ஈயக் காயை எடுத்துக் கொடுத்தவன்
அவன்தான் என்று நினைக்கிறேன்.
நான் குனிந்து
பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே கட்டியிருந்ததை.

மறுநாள் அந்தச் சுவர்ப் பக்கமே
போகவில்லை என்று எழுத ஆசை.
போனேன். குளிர் அப்படி.
தோளை ஒடுக்கி நின்றால்
ஆறு பேர் நிற்கலாம், கொஞ்சம் வலிக்கும்.
ஏழு பேரும் நின்றிருக்க முடியுமா என்று
எர்மெக் இருந்தபோது
யாரும் நெருங்கி நின்று பார்த்ததில்லை.